டிஸ்கஸ் மீனும் அதன் வளர்ப்பு முறையும்

மீன் வளர்ப்பு என்றவுடன் நம் விவசாயிகளின் மனத்தில் ஏரியும் குளமும், அவற்றில் வளரும் கட்லாவும் ரோகுவும் கெண்டையுமே தோன்றுவது இயல்பு. உண்பதற்காக அன்றிக் கண்ணால் கண்டு மகிழ்வதற்காகவே வளர்க்கப்பெறும் மீன்களும் உண்டு. அவற்றை வளர்த்து விற்பதும் ஒரு குடிசைத் தொழிலே ஆகும். சென்னையின் வடபுறத்தில் உள்ள கொளத்தூரில் ஏராளமான குடும்பங்கள் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டிகள் அமைத்து இத்தொழிலைச் செய்து வருவதைப் பலரும் அறிவர்.

அண்மையில் நம் வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றின் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “ஐயா, டிஸ்கஸ் என்று ஒரு மீன் இருக்கிறதாம். ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறதாம். கிணறும் கொட்டகையும் இருக்கும்போது நாங்களும் அதை வளர்க்கலாகாதா?” என்று வினவினார். நல்ல வினாவே. “வளர்க்கலாம்” என்பது விடை. ஆயினும் அவ்விடையை ஒரே சொல்லில் கூறிவிட்டு அமர்ந்துவிடுவது நம் கடமைக்கு அழகன்று. முன்னொரு முறை அவ்வாறு கூறி, அதனால் பிறர் நஷ்டம் அடைந்ததை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம். முதலில் அம்மீன் எத்தகையது என்பதை அறிவோம்.

பிறந்த இடம்

டிஸ்கஸ் மீனின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் ஆற்றுப்படுகை. உடல் தட்டைப்போல் வட்டமாகவும், பக்கவாட்டில் ஒடுங்கியும் இருப்பதால் இப்பெயர் பெற்றது. நன்கு வளர்ந்த மீன் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகள் வரையிலும் வாழும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் யோஹான் யாக்கோப் ஹெக்கெல் என்பார் 1840ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, ‘சிம்பைசோடான் டிஸ்கஸ்’ எனப் பெயரிட்டார். பின்னர் இதே இனத்தைச் சேர்ந்த வேறு வகைகளும் கண்டறியப்பட்டன.

இது சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அயலானுடைய உறவினர் நமக்கு அறிமுகமானவராய் இருப்பதுபோல், இதன் உறவினர் ஒன்று நம் குளங்களிலேயே உண்டு. 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்று, இன்று எங்கும் பெருகிக் கிடக்கும் ‘ஜிலேபி’ மீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் குணத்தில் இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஜிலேபி, சேற்று நீரிலும் உப்பு நீரிலும் பிழைத்துக்கொள்ளும். டிஸ்கஸ் அவ்வாறன்று.

இதன் காரணம் அது பிறந்த நீரில் உள்ளது. அமேசானின் கிளை நதிகளுள் பெரியதாகிய ரியோ நீக்ரோ என்பதற்குக் ‘கறுப்பு ஆறு’ என்று பொருள். காட்டில் உதிரும் இலைகளும் மரங்களும் ஊறுவதால் அந்நீர் தேயிலைச் சாறுபோல் கருமை பெற்றிருக்கும். நீரில் சுண்ணாம்பு முதலிய தாது உப்புகள் மிகமிகச் சொற்பம். ஏறக்குறைய மழைநீருக்கு ஒப்பானது எனலாம். அமிலத் தன்மையோ மிகுதி. வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. வெள்ளக் காலத்தில் மனவுஸ் நகருக்கு அருகே ஆற்றின் மட்டம் 10 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. காடே நீரில் மூழ்கிவிடும். அப்போது டிஸ்கஸ் மீன்கள் மூழ்கிய மரங்களின் கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையே கூட்டமாக ஒதுங்கி வாழ்கின்றன. அவற்றின் தட்டையான உடல் அவ்விடுக்குகளில் புகுந்து செல்வதற்கு ஏற்றதாய் அமைந்துள்ளது. ஓட்டம் குறைந்த நீர், மறைவிடம், கூட்டம், வெதுவெதுப்பு, மென்மையான நீர் ஆகிய ஐந்தும் இம்மீனுடைய இயற்கைத் தேவைகள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வளர்ப்பு முறை முழுவதும் இவ்வைந்தினின்றே பிறக்கிறது.

ரியோ நீக்ரோவின் கரையில் பார்செலோஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள மக்கள் பல தலைமுறைகளாக அலங்கார மீன்களைப் பிடித்து விற்றுப் பிழைத்து வந்தவர்கள். அவ்வூரில் ஆண்டுதோறும் அலங்கார மீன் திருவிழா நடைபெறுகிறது. ஊர் மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி கார்டினல் என்னும் சிறு மீனின் பெயராலும், மற்றொரு கட்சி டிஸ்கஸ் மீனின் பெயராலும் ஆடிப் பாடிப் போட்டியிடுகின்றனர். ஒரு மீன் ஓர் ஊருக்குச் சோறிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நாம் பெற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டாரத்தில் மகளிர் குழு ஒன்று அலங்கார மீன் வளர்ப்பில் ஈடுபட விரும்பி நம்மிடம் ஆலோசனை கேட்டது. விலை அதிகம் கிடைக்கும் மீனையே வளர்ப்பது இலாபம் என்று நாம் கருதினோம். டிஸ்கஸ் மீனைச் சிபாரிசு செய்தோம். புதிய சிமெண்டுத் தொட்டிகள் இரண்டு கட்டப்பெற்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பப்பெற்றது. 40 இளம் மீன்கள் வாங்கி விடப்பெற்றன.

மூன்றாம் நாள் மீன்களின் நிறம் கறுத்தது. அவை மூலையில் ஒதுங்கித் தலை சாய்த்து நின்றன. இரை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழிந்தபோது 7 மீன்களே எஞ்சின. அப்பெண்கள் சேமிப்பிலிருந்து போட்ட பணம் நீரில் கரைந்தது. “ஐயா, நாங்கள் என்ன பிழை செய்தோம்?” என்று குழுவின் தலைவி கேட்டபோது விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் மீன்வளத் துறையினரைக் கலந்து நீரைச் சோதித்தபோது உண்மை புலனாயிற்று. பிழை அப்பெண்களுடையது அன்று, நம்முடையதே. மண்ணைச் சோதிக்காமல் பயிரிடாதீர் என்று ஊர்தோறும் பேசிய நாம், நீரைச் சோதிக்காமல் மீனை விடச் சொல்லிவிட்டோம்.

மூன்று காரணங்கள் ஒன்று சேர்ந்திருந்தன. கிணற்று நீர் மிகவும் கடினமானது. புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து நீரின் காரத் தன்மையை மேலும் உயர்த்தியிருந்தது. தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தோன்றுவதற்கு முன்னரே மீன்கள் விடப்பட்டிருந்தன. இம்மூன்றையும் தனித்தனியே விளக்குவோம்.

நீரின் கடினம்

துணி வெளுக்கும்போது சோப்பு நுரைக்காத நீரைக் கடின நீர் என்கிறோம். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்திருப்பதே அதற்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாத இடத்தில் 600 மில்லிகிராம் வரையிலும் அனுமதிக்கப்படும். எனவே நாம் குடிக்கும் நீர் என்பதனாலேயே அது டிஸ்கஸ் மீனுக்கும் உகந்தது என்று கொள்ளலாகாது.

பண்ணையில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் மீன்கள், காட்டு மீன்களைவிட ஓரளவு கடினத்தைத் தாங்கும். மெல்ல மெல்லப் பழக்கினால் நடுத்தரமான கிணற்று நீரிலும் அவை வாழக்கூடும். ஆயின் இனப்பெருக்கத்துக்கு மென்மையான நீர் இன்றியமையாதது. கடின நீரில் இட்ட முட்டைகளுள் பெரும்பாலானவை பொரிப்பதில்லை. வெண்மை பூத்துப் பூஞ்சை பிடித்துப் போகின்றன. இனப்பெருக்கத் தொட்டியில் கடினத் தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நலம்.

அமில கார நிலையை அளக்கும் பி.எச். எண்ணை மண் பரிசோதனை அட்டையில் விவசாயிகள் கண்டிருப்பர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். டிஸ்கஸ் மீனுக்கு 6 முதல் 7 வரை உகந்தது. இந்த எண் சிறிது கூடுவதோ குறைவதோ அன்று, திடீரென மாறுவதே மீனுக்குப் பெருந்தீங்கு என்பதையும் அறிய வேண்டும்.

மென்மையான நீருக்கு எங்கே செல்வது? வானத்தை நோக்கினால் போதும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவோம். கூரையிலிருந்து வரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரை வடிகட்டி, மூடிய தொட்டியில் சேமித்தால் அதுவே தாது உப்பற்ற மென்னீர். அதனைத் தனியே பயன்படுத்தாமல் கிணற்று நீருடன் கலக்க வேண்டும். கணக்கு எளிது. கிணற்று நீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு கிணற்று நீருடன் மூன்று பங்கு மழைநீர் கலந்தால் கடினம் 100 மில்லிகிராமாகக் குறையும். தனி மழைநீரில் பி.எச். எண் நிலையாக நில்லாது. சிறிது கிணற்று நீர் கலப்பது அதனை நிலைநிறுத்தவும் உதவும்.

நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களாலும் மென்னீர் பெறலாம். ஆனால் சிறிய இயந்திரங்கள் ஒரு பங்கு நல்ல நீரைத் தருவதற்கு இரண்டு மூன்று பங்கு நீரை வெளியே தள்ளுகின்றன. கோடையில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில் இது பொருந்துமா என்பதைப் பஞ்சாயத்தார் சிந்திக்க வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், திறந்த தொட்டியில் 24 மணி நேரம் காற்றோட்டம் கொடுத்து வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். புதிய சிமெண்டுத் தொட்டியானால், நீர் நிரப்பிச் சில நாட்கள் ஊறவிட்டு வெளியேற்றுவதைப் பலமுறை செய்ய வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு ஊறவைப்பதும் பண்ணையாளர் வழக்கம். பி.எச். எண் உயராமல் நிற்கிறது என்று சோதித்து அறிந்த பின்னரே மீனை விடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள்

வயலில் யூரியா இட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மாற்றிப் பயிருக்கு ஏற்ற நைட்ரேட்டு ஆக்குகின்றன. மீன் தொட்டியிலும் இதே வேலை நடைபெறுகிறது. மீனின் செவுள் வழியே அம்மோனியா வெளிப்படுகிறது. உண்ணாத இரை அழுகுவதாலும் அது உண்டாகிறது. அம்மோனியா கொடிய விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷமே. நைட்ரேட்டு மட்டும் தீங்கு குறைந்தது. நீரை மாற்றுவதனால் அதனை அகற்றிவிடலாம்.

புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இரா. அவை வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பழைய, நோயற்ற தொட்டியில் இயங்கிய பஞ்சு ஒன்றைக் கொணர்ந்து வைத்தால் இக்காலம் குறையும். மேலும் ஓர் உண்மை: அம்மோனியாவின் விஷத் தன்மை காரம் கூடினால் ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரைவிடப் பி.எச். 8 உள்ள நீரில் விஷ வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு ஆகிறது. அம்மகளிர் குழுவின் மீன்கள் ஏன் மாண்டன என்பது இப்போது விளங்கும்.

தொட்டியும் வெப்பமும்

வளர்ந்த மீன் ஒன்றிற்கு 40 லிட்டர் நீர் என்பது நல்ல கணக்கு. 4 அடி நீளமும், 1½ அடி அகலமும், 1½ அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். அதில் 6 மீன்கள் வளரலாம். நீரின் எடை மட்டும் 250 கிலோ ஆதலால், சமமான தளத்தில் உறுதியான தாங்கியின்மீது தொட்டியை வைக்க வேண்டும். இது கூட்டமாய் வாழும் மீன். ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் வலியது எளியதை இரை எடுக்கவொட்டாமல் துரத்தும். ஆறுக்குக் குறையாமல் வைத்தால் சண்டை பரவலாகிக் குறையும்.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நம் சமவெளிகளில் ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வெப்பம் தானே அமைந்துவிடுகிறது. குளிர் நாட்டவர் மின்சாரம் செலவிட்டுப் பெறுவதை நாம் இலவசமாகப் பெறுகிறோம் எனலாம். ஆயினும் மார்கழி, தை இரவுகளில் நீர் குளிர்ந்துவிடும். அப்போது வெப்பமூட்டும் கருவி தேவை. சித்திரை, வைகாசியில் இதற்கு மாறான அபாயம் உண்டு. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். எனவே காற்றோட்டத்தை மிகுதிப்படுத்துவதும், கொட்டகைக்குத் தென்னங்கீற்று வேய்ந்து நிழல் தருவதும் அவசியம். மின்சாரம் தடைப்படும் வேளைக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய்க் கருவி ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

வடிகட்டிக்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டுவதில்லை. காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதும். அதனைக் குழாய் நீரில் அலசினால் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். வளர்ந்த மீன்களுக்கு வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரையும், குஞ்சுகளுக்கு நாள்தோறும் அந்த அளவோ அதற்கு மேலோ மாற்ற வேண்டும். புதிய நீர் பழைய நீரின் வெப்பத்திலேயே இருத்தல் அவசியம். வெளியேற்றும் நீரைக் கீரைப் பாத்திக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். அதில் உள்ள நைட்ரேட்டு பயிருக்கு நல்லது. மருந்தோ உப்போ இட்ட நீரை மட்டும் பாய்ச்சலாகாது.

இரை

டிஸ்கஸ் மெதுவாக உண்ணும் மீன். விரைந்து உண்ணும் மீன்களுடன் சேர்த்தால் பட்டினி கிடக்கும். கொழுப்பு நீக்கி அரைத்த மாட்டு இதயமும், ஓடு நீக்கிய இறாலும், கடையில் கிடைக்கும் உலர் தீவனமும் இதன் வழக்கமான இரைகள். வளர்ந்தவற்றுக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறையும், குஞ்சுகளுக்கு நான்கைந்து முறையும் சிறிது சிறிதாக இட வேண்டும். சுமார் 15 நிமிடங்களில் உண்ணாமல் எஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சாக்கடையிலிருந்து எடுக்கும் உயிர்ப் புழுக்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றோடு நோயும் வந்து சேரும். ஆதலின் அவற்றைத் தவிர்ப்பதே விவேகம்.

நோயும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும்

நோய் வந்த பின் மருந்து தேடுவதைவிட, நோயுள்ள மீனை வாங்காதிருப்பதே சிறந்தது. மீனின் கண் உடலின் அளவுக்குப் பொருந்தியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சிறிய உடலில் பெரிய கண் இருந்தால், அம்மீன் இரையின்றி வளர்ச்சி குன்றியது என்று அறியலாம். உடல் கறுத்து மூலையில் ஒதுங்குவது, ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவது, வெண்மையான நூல்போல் மலம் கழிப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள். வெண்மலம் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளாலும், மூச்சுத் திணறல் செவுளைப் பற்றும் நுண்புழுக்களாலும் பெரும்பாலும் உண்டாகின்றன. மருந்தின் அளவை மீன்வளத் துறையினரைக் கேட்டே இட வேண்டும்.

புதிதாக வாங்கிய மீன்களை 4 வாரங்களுக்குக் குறையாமல் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே பழைய மீன்களுடன் சேர்க்க வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டைத் தனியே கட்டி வைத்துப் பார்ப்பதைப் போன்றதே இது. ஏஞ்சல் மீன் இதற்கு உறவினமே ஆயினும், அதன் உடலில் உள்ள ஒட்டுண்ணிகள் டிஸ்கஸைத் தாக்கக்கூடும் ஆதலால் இரண்டையும் ஒன்றாக வைப்பது தகாது.

பால் கொடுப்பதுபோல் குஞ்சு வளர்க்கும் மீன்

மீனினத்தில் மிகச் சிலவற்றிலேயே காணக்கூடிய விந்தை ஒன்று டிஸ்கஸில் உண்டு. ஆண், பெண் இரண்டும் தம் உடலின் மேல் ஒருவகைக் குழகுழப்பான நீரைச் சுரந்து, அதனையே குஞ்சுகளுக்கு உணவாகத் தருகின்றன.

ஆணையும் பெண்ணையும் பார்வையால் பிரித்தறிவது கடினம். எனவே ஆறு முதல் எட்டு இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து, அவை தாமே ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வயதில் ஜோடி சேரும். செங்குத்தான பரப்பிலேயே இவை முட்டையிடும். நம் ஊர்க் குயவர் வனையும் மண் கூம்போ, கவிழ்த்து வைத்த பூந்தொட்டியோ இதற்குப் போதும். ஒரு முறைக்கு 100 முதல் 300 முட்டைகள் வரை இடும். பெற்றோர் இரண்டும் துடுப்பை அசைத்து முட்டைகளுக்கு நீரோட்டம் தந்து காக்கும். ஏறக்குறைய இரண்டரை நாளில் முட்டை பொரிக்கும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாய் தந்தையின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு அச்சுரப்பைக் கொறித்து உண்ணும். ஒன்று களைத்தால் உடலைச் சட்டென உதறி நகரும். குஞ்சுகள் மற்றொன்றிடம் செல்லும். தாயும் தந்தையும் முறை வைத்து ஊட்டுகின்றன! 1959ஆம் ஆண்டில் ஹில்டெமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இதனை விரிவாக எழுதினார். 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, குஞ்சு வளர்க்கும் காலத்தில் இச்சுரப்பில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் மிகுகின்றன என்றும், மூன்றாம் வாரம் முதல் பெற்றோர் சிறிது சிறிதாக விலகிச் சென்று குஞ்சுகளைப் பால் மறக்கச் செய்வதுபோல் செய்கின்றன என்றும் காட்டியது.

இதிலிருந்து வளர்ப்போர் அறிய வேண்டியது யாதெனில், முதல் சில நாட்களில் குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது. அடிக்கடி தொட்டியருகே சென்று அச்சுறுத்தவும் கூடாது. இரவில் மங்கிய விளக்கு ஒன்று எரிந்தால் குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிடா. ஐந்தாறு நாட்கள் சென்றபின் உப்பு நீரில் பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் குஞ்சுகளையும் சிறிதளவு தரலாம். இளம் ஜோடிகள் தொடக்கத்தில் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் உண்டு. அதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. முட்டைகளைச் சுற்றிக் கம்பி வலை அமைத்தும் காக்கலாம்.

தொழிலாக மேற்கொள்வோர்க்கு

முன்னர்க் கூறிய மகளிர் குழுவின் கதையை முடித்துவிடுவோம். அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை. கடின நீரை விரும்பி வாழும் கப்பி, மோலி ஆகிய எளிய மீன்களை அதே கிணற்று நீரில் வளர்க்கத் தொடங்கினர். விலை குறைவே ஆயினும் அவை விரைவில் பெருகின. நீரை அளக்கவும், நோயை அறியவும், வியாபாரியிடம் பேரம் பேசவும் இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டனர். பின்னர் மழைநீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, 8 இளம் டிஸ்கஸ் மீன்களை மட்டும் வாங்கினர். அவற்றுள் ஒரு ஜோடி அமைந்தது. முதல் மூன்று முறை இட்ட முட்டைகள் வீணாயின. நான்காம் முறை அறுபதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்தன. அவற்றைக் காண நம்மை அழைத்த தலைவி, “ஐயா, இம்முறை நாங்களே நீரைச் சோதித்துவிட்டோம்” என்றார். அச்சொல்லில் குற்றச்சாட்டும் இருந்தது, மன்னிப்பும் இருந்தது.

சந்தை நிலவரத்தையும் அறிதல் வேண்டும். பார்செலோஸ் ஊரின் மீனவர்களுக்குப் பிற நாட்டுப் பண்ணை மீன்கள் போட்டியாக வந்தபோது, காட்டில் பிடித்த மீன்களின் தேவை குறைந்தது. பலர் தொழிலை விட்டு விலகினர். தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளில் புதுப்புது நிற வகைகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. இன்று அதிக விலை போகும் நிறம் நாளை பலரிடமும் பெருகிவிட்டால் விலை சரியும். ஆகவே கையிலுள்ள முதலனைத்தையும் இதில் இடுவதோ, கடன் வாங்கித் தொடங்குவதோ தகாது. வாங்குவோர் யார் என்பதை முன்னரே விசாரித்து அறிந்து தொடங்க வேண்டும்.

2020ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு மதிப்பிட்ட செலவில் பொதுப் பிரிவினர்க்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர்க்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இப்போது எத்தகைய உதவிகள் உள்ளன என்பதையும், பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதையும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். மானியம் தொட்டியைக் கட்டித் தரும். நீரைப் பேணுவதோ நம் கையில் உள்ளது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

இறுதியாகப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளர்க்க மனமில்லாத மீன்களை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பெருந்தீங்கு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பெற்ற, முட்கவசமுள்ள தென் அமெரிக்கக் கெளுத்தி மீன்கள் இவ்வாறு விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, வலைகளைக் கிழித்து, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து வருகின்றன. எந்த அலங்கார மீனையும் பொது நீர்நிலையில் விடுவதில்லை என்று ஊர் கூடித் தீர்மானம் செய்தல் வேண்டும். பண்ணைக் கழிவு நீர் ஏரியில் கலவாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க் கிணறுகளின் நீரைச் சோதித்துக் கடினத் தன்மையையும் பி.எச். எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வைத்தால், மீன் வளர்க்க விரும்புவோர் மட்டுமன்றி ஊரார் அனைவரும் பயன் பெறுவர். நிலத்துக்கு ஏற்ற பயிரைத் தேர்வது நம் முன்னோர் அறிந்த நெறி. நீருக்கு ஏற்ற மீனைத் தேர்வதும் அந்நெறியே. கூட்டத்தில் வினவிய அங்கத்தினருக்கு நாம் கூறும் விடையும் இதுவே: முதலில் ஒரு புட்டியில் உங்கள் கிணற்று நீரை எடுத்து வாருங்கள், மீனைப் பற்றி அதன் பின்னர்ப் பேசுவோம்.